மலையிலிருந்து வந்த குரல்

சிறுமலை மேலிருந்து ஞானதாஸ் பதில் சொல்லாத முதல் சாயங்காலம் அதுதான். ஆவுடையப்பன் தன் ரேடியோ ரிப்பேர் கடையின் மொட்டைமாடியில், வயர்லெஸ் கைசெட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றான். மழை வருவதற்கு முன்பு கிளம்பும் மண்வாசனை மூக்கில் ஏறியது. கீழே பூட்டுப் பட்டறைகளில் அரம் தேய்க்கும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது. செட்டிலோ அரிசி களைவதுபோல ஓர் இரைச்சல் மட்டும்.

பட்டாளத்தில் கழித்துப்போட்ட செட்டுகள் அவை. லைசென்ஸ் வாங்கி, ஒன்றைத் தானும், மற்றொன்றை நத்தத்தில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருந்த மனைவி சொர்ணலட்சுமியும் வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தான். லைசென்ஸ் அவன் பேரில் மட்டும் என்பதால் சட்டப்படி அவள் பேசக்கூடாது. சட்டம் பஸ் ஏறி நத்தத்துக்கு வரவா போகிறது? நடுவில் மலை மறித்ததால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நேராகக் கேட்காது. மலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ஞானதாஸ்தான் தன் பெரிய செட்டில் இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்வான். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். முதலில் பெயர் கேட்டு, ஆள் இன்னாரென்று தெரிந்த பிறகே செய்தி கொடுப்பது அவர்களுக்குள் வழக்கம்.

மாமியார் வடமதுரைக்கு ஒரு சாவுக்குக் கேதம் கேட்கப் போயிருந்தார். சொர்ணம் பச்சைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். யார் தட்டினாலும் திறக்காதே, என் குரல் கேட்டால் மட்டும் திற என்று முந்தின நாள் சொல்லி வைத்திருந்தான். கடைசி பஸ்ஸுக்கு அவன் கிளம்ப வேண்டும். அதை அவளுக்குத் தெரிவிக்காமல் போனால், அகாலத்தில் கேட்கும் குரலை நம்பாமல், பயந்துபோய் அவனுக்கே திறக்க மாட்டாள்.

பேட்டரியை மாற்றினான். இரைச்சல்தான். ஏரியல் மூட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்தான். அலைவரிசைக்கான படிகத்தைக் கழற்றித் துடைத்தான். மறுபடி கூப்பிட்டான்.

"சொல்லு" என்றது செட்.

ஞானதாஸுக்குச் சளி பிடித்ததுபோல இருந்தது குரல். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்ததில், ஆவுடையப்பன் பெயர் கேட்க மறந்தான்.

"தாசு, அவகிட்ட இப்படியே சொல்லீரு. சொர்ணம், நான் வாரேன். கதவத் தொற."

"சொர்ணம், நான் வாரேன். கதவத் தொற."

சரியாகத்தான் சொன்னது. பிறகு மறுபடியும் சொன்னது. மூன்றாம் முறை சளி இல்லை. நான்காம் முறை, பேசுவதற்கு முன் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமுவானே, அந்தச் செருமலும் இருந்தது. அவனுடைய குரல். அச்சு அசலாக.

செட்டைக் கீழே வைக்கக் குனிந்தவன் கைப்பிடிச்சுவரைப் பார்த்தான். உப்புத்தாளுக்குப் பக்கத்தில் படிகம் கிடந்தது. திரும்ப மாட்டவே இல்லை. அது இல்லாத செட் ஊமை. பேசவும் பேசாது, கேட்கவும் கேட்காது.

படியில் காலடிச் சத்தம். ஞானதாஸ் மேலே வந்தான். சட்டையெல்லாம் வாழைக்கறை.

"நேத்து ராத்திரி இடி விழுந்து செட்டு கருகிப்போச்சுப்பா. அதச் சொல்லத்தான் வாழைத்தார் லாரியில ஏறி வாரேன்" என்றவன், நின்று, செட்டைப் பார்த்தான். "நீ யாருகிட்டப் பேசிக்கிட்டிருந்த?"

ஆவுடையப்பன் செட்டைத் திருப்பினான். பேட்டரியைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது.

அமைதி.

பிறகு, கதவைத் தட்டும் சத்தம். செட்டுக்குள். மரக்கதவு. நத்தத்து வீட்டுக் கதவு. அதன் வளையம் அடிபடும் ஒலி அவனுக்குத் தெரியும்.

"சொர்ணம், நான் வாரேன். கதவத் தொற."

"தொறக்காத" என்று கத்தினான். ஊமைச் செட். கத்திக்கொண்டே இருந்தான். ஞானதாஸ் அவன் தோளைப் பிடித்தான்.

குழந்தை சிணுங்கியது. தரையில் காலடிகள். சொர்ணத்தின் குரல், தூக்கக் கலக்கத்தில், சந்தோஷமாக.

"வந்துட்டீகளா? இந்தா, வாரேன்."

தாழ்ப்பாள் விலகியது. குழந்தையின் சிணுங்கல் பட்டென்று நின்றது.

மழை விழத் தொடங்கியது. இருவரும் நகரவில்லை. ஆவுடையப்பனின் உள்ளங்கையில், பேட்டரி இல்லாத செட்டுக்குள், குழந்தை மீண்டும் சிணுங்கியது. அதே சிணுங்கல். அதே காலடிகள். அதே தூக்கக் கலக்கம், அதே சந்தோஷம்.

"வந்துட்டீகளா? இந்தா, வாரேன்."

ஒரு சொல் கூட்டாமல். ஒரு சொல் குறைக்காமல்.