ஐந்தாவது பெயர்

பேருந்துப் படியில் ஒரு காலை வைத்துவிட்ட நாத்தனாரின் பையை, மூச்சிரைக்க ஓடிவந்தவள் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தாள்.

"இறங்குங்க அண்ணி."

"விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "ஏறுறீங்களா, இறங்குறீங்களா? குடும்பச் சண்டைக்கெல்லாம் பஸ் நிக்காது."

அண்ணி இறங்கினாள். பேருந்து புகையைக் கக்கிவிட்டுப் போனது.

காலை ஆறு மணிக்கே வீட்டில் பூகம்பம். அண்ணியின் பாய் சுருட்டியிருந்தது, ஆளைக் காணோம். மேசை மேல் கிடந்த அரசு வீட்டு விண்ணப்பத்தில் ஐந்தாவது பெயர் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. "எங்க அக்காவை என்ன சொன்ன?" கணவன் கேட்டது அவ்வளவுதான். அக்கா வளர்த்த பிள்ளை அவன். பேருந்து ஓட்டக் கிளம்பியவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. விண்ணப்பம் கொடுக்க இன்று பகல் பன்னிரண்டு மணி கடைசி. தவறினால் மாடியில் அதே ஒற்றை அறை, பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து அதே ஐந்து பேர், இன்னும் எத்தனை வருடமோ...

"பேரை ஏன் அடிச்சீங்க?"

"நேத்து நீ அவன்கிட்ட சொன்னியே, அண்ணி பென்ஷனையும் சேத்துத்தான் கணக்குப் பாப்பாங்கன்னு... என்னால உங்களுக்கு வீடு போக வேணாம். சித்தி மக வீட்டுல ஒரு மூலை கிடைக்காமலா போயிடும்..."

ஓடிவந்தவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"பாதியைக் கேட்டுட்டுப் பையைத் தூக்கிட்டீங்களே அண்ணி! நாலு பேர் குடும்பம்னா வருமானம் நாப்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. எங்க ரெண்டு பேர் சம்பளமே நாப்பத்திரண்டு. அஞ்சு பேர்னா நாப்பத்தெட்டு வரைக்கும் விடுவாங்க. உங்க பென்ஷன் அஞ்சைச் சேத்தாலும் நாப்பத்தேழுதான். நீங்க இருந்தாத்தான் வீடு."

அண்ணி விரல் மடக்கிப் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பழைய நாக்கு திரும்பிவிட்டது.

"கணக்குல புலிதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல மட்டும் பத்து வருஷமா அதே இஸ்திரி மேசை. உனக்கப்புறம் வந்தவளுங்க எல்லாம் மேற்பார்வையாளர் ஆயிட்டாளுங்க..."

"திட்டுறதை நடந்துக்கிட்டே திட்டுங்க. அடிச்ச பேருக்குப் பக்கத்துல நீங்களே கையெழுத்துப் போடணும்."

வீட்டு வசதி அலுவலகத்தில் நீண்ட வரிசை நகர்ந்து அவர்கள் முறை நெருங்கியபோது மணி பதினொன்றே முக்கால். வேலையைப் பாதியில் இன்னொருவரிடம் மாற்றிவிட்டுச் சீருடையோடு வந்திருந்தான் கணவன். அக்காவைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மனைவி பக்கம் திரும்பவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மாள் கையெழுத்துகளைச் சரிபார்த்தாள். தாள்களைப் புரட்டியவள் சலவைக்கூடத்தின் சம்பளச் சான்றிதழில் நின்றாள்.

"அடுத்த வருஷம் சம்பளம் ஏறுமான்னு கேக்குற இடத்துல உங்க மேலாளர் என்னமோ எழுதியிருக்காரே?" கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தாள். "'இல்லை. மேற்பார்வையாளர் பதவி மூன்று முறை கொடுத்தோம். மூன்று முறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.'"

கணவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான்.

"கூட நாலாயிரம் வந்தா அம்பத்தொண்ணு ஆயிடும்ங்க" என்றாள் அவள், யாருக்கோ பதில் சொல்வதுபோல.

"மூணு தடவையா?" அண்ணி அவள் தோளைப் பற்றித் தன் பக்கம் திருப்பினாள். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா... நான் பேசின பேச்சென்ன... முதல் தடவை எப்போடி?"

எழுத்தர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "தரைத்தளம்தான் வேணும்னு எழுதியிருக்கு. அது சரிதானே?"

"சரிதாம்மா" என்றாள் அவள். பிறகு அண்ணியின் நெஞ்சில் முகம் புதைத்து, மெல்லச் சொன்னாள்.

"நீங்க மாடிப்படியில விழுந்தீங்களே அண்ணி... அந்த வாரம்."