சேஷுவின் தொடைக்கட்டு

கட்டின்மேல் ஒட்டிய பிளாஸ்டரில் முந்தின நாள் கோதை தேதியோடு போட்ட கையெழுத்து கலையாமல் இருந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, புண்ணுக்குள் அவள் திணித்து வைத்த ஒரு முழம் காஸ் துணியைக் காணவில்லை.

இரண்டாயிரத்து ஒன்று, ஜூலை. புனேயில் பத்து நாளாக மழை விட்டபாடில்லை. அங்கேயே கட்கிப் பகுதியில் வளர்ந்த கோதை சிறை மருத்துவமனையில் டாக்டராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஈரக் கம்பளியின் மக்கல் வாடை, பினாயிலை மீறி வரும் மூத்திர வாடை, சொறி பிடித்த கைகள், வரிசையில் நின்றபடியே காறித் துப்பும் சத்தம் என்று எல்லாம் பழகிவிட்டதாக வீட்டில் பெருமையாகச் சொல்வாள். சேஷுவின் தொடை மட்டும் பழகவில்லை.

சேஷு ஆயுள் கைதி, தமிழன், ஐம்பது வயதிருக்கும். ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டி, கீறிவிட்டதில் வலது தொடையில் குழி விழுந்திருந்தது. இப்போது சீழ் இல்லை, ரத்தம் இல்லை. உள்ளே ஈரமாக, இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம்தான் அவளுக்குக் குமட்டியது. குனிந்தால் புளித்த பால் வாடை. தங்கையின் குழந்தை தோளில் கக்கினால் வருமே, அந்த வாடை.

"துணியை உருவி எங்கே போட்டே?"

"நான் தொடவே இல்ல டாக்டரம்மா."

"கட்டைப் பிரிக்காம அது எப்படிப் போகும்?"



இன்னும் நீளமான துணியைத் திணித்து, அதன் நுனியை வெளியே விட்டுத் தோலோடு ஒட்டினாள். மறுநாள் நுனி மட்டும் இருந்தது. கத்தரித்த விளிம்பில்லை. நைந்து, நூல் நூலாகப் பிரிந்து, எச்சிலில் ஊறியதுபோல் பிசுபிசுத்தது. அதைத் தட்டில் உதறிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். வாந்தி எடுத்த பிறகு மூன்று முறை கை கழுவினாள். ஒரு நோயாளியைப் பார்த்து இப்படிக் குமட்டுகிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. துணி உள்ளே தங்கிவிட்டால் ஆளே போய்விடுவான். திணித்தது அவள் கை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி எழுதி நான்கு நாள் ஆகியிருந்தது. "ஆஜ் பீ எஸ்கார்ட் நஹீ, மேடம்," என்றார் கம்பவுண்டர் பாஸ்கர். கைதியைக் கூட்டிப்போகப் போலீஸ் துணை இன்றும் இல்லை.

அன்று புதுத் துணியைத் திணித்துக் கட்டுப் போட்டுவிட்டு, சேஷுவின் கைகளைக் கட்டிலோடு கட்டச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை.

"கட்டுங்க. ஆனா காதைப் பொத்திக்கக் கை இருக்காதே," என்றான்.

"எதுக்குக் காதைப் பொத்தணும்?"

அவன் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு சேர்த்து வைத்துக் கொடுத்தான்.

மறுநாள் மதியம் கைக்கட்டு அவிழாமல் இருந்தது. கையெழுத்தும் கலையவில்லை. துணி இல்லை.

போலீஸ் துணை கேட்டு பாஸ்கர் மறுபடி போன் செய்யப் போனார். ஓட்டுக் கூரையில் மழை இரைந்தது. துணி உள்ளேதான் எங்கோ சுருண்டு கிடக்கும், துழாவி எடுத்துவிட வேண்டும். புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோதை சுட்டுவிரலை உள்ளே விட்டாள்.

வெதுவெதுப்பு. இரண்டு கணு ஆழம். துணி இல்லை. விரல் முழுதும் போனது. அடி தட்டவில்லை.

பிறகு ஏதோ தட்டுப்பட்டது. மெத்தென்று. சின்னதாக. விரல் நுனியைச் சுற்றி ஒருமுறை தடவியது.

நாக்கு.

மேலும் கீழும் ஈறுகள் கவ்வின. பல் இல்லை. சப்பத் தொடங்கின.

சேஷுவின் கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. "கொஞ்ச நேரம் குடுங்க டாக்டரம்மா. எடுத்தா அழும்."

வெடுக்கென்று இழுத்தாள். விரல் வந்தது. கையுறையின் விரல் வரவில்லை.

அழுகை.

தொடைக்குள்ளிருந்து. பச்சைக் குழந்தையின் பசி அழுகை, முதலில் ஈனமாக, பிறகு வீறிட்டு. சேஷுவின் கால் அதிர்ந்தது. ஆண்கள் மட்டுமே அடைபட்ட அந்த இடத்தில், பக்கத்து அறையின் இருமல்கள் ஒவ்வொன்றாக நின்றன. வெளியே காவலாளி, "கிஸ்கா பச்சா ஹை?" என்று கேட்டான். யார் குழந்தை? அவன் கை தாழ்ப்பாளில் விழுந்தது.

கோதைக்குத் தொண்டைவரை எதுக்களித்தது. விழுங்கினாள். வெறும் விரலை மறுபடி உள்ளே விட்டாள்.

அழுகை நின்றது. நாக்கு தேடி வந்தது. சப்பியது.

கீழ் ஈற்றில், அரிசி முனைபோல், ஏதோ உறுத்தியது.

பல்.