பொருக்கு

ஆடு பலா இலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மட்டக்குளியின் ஒடுங்கிய அந்த வீட்டுப் பின்முற்றத்தில், சாக்கடைக் கான் நாற்றமும் கடல் உப்பும் ஆட்டு மூத்திரமும் கலந்து கனத்துக் கிடந்த காற்றுக்குள் ஜுமானா குனிந்து பார்த்தாள். உதடு முழுக்கக் கறுத்த பொருக்கு. கருகிய பாண் ரொட்டியின் ஓரம் மாதிரி.

மிருக வைத்தியர் அருந்ததி கையுறையைக் கழற்றாமலே சொன்னார். "இது தொத்துற வைரஸ், தங்கச்சி. மனுசருக்கும் வரும். ஊதா மருந்தைப் பூசுங்கோ. பொருக்கை மட்டும் சுரண்டாதேங்கோ, தானா விழட்டும். விழுந்த பொருக்கிலயும் கிருமி மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். பிள்ளையைக் கிட்ட விடாதேங்கோ."

பிள்ளை அர்பா உள்ளே தவழ்ந்துகொண்டிருந்தாள். கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குள் போகிற வயது.

ஆனால் ஆட்டை அறுத்துக் குர்பான் கொடுக்க வேண்டிய ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டதே!

"குர்பான் ஆட்டுல குறை ஈக்கக் கூடா," என்றான் கணவன் அலவி, மொட்டைக் கத்தியைத் துடைத்தபடி. "தலையப் புடி."

"டொக்டர் வாணாம்னு சொன்னாங்க. புள்ளக்கி ஏதும் வந்தா?"

"அவங்கட பேச்சக் கேட்டா ஆட்டுக்கும் மாஸ்க் வாங்கோணும். நீ கூட்டி எரிச்சிரு. முடிஞ்சிச்சி."

அவள் தலையைப் பிடித்தாள். அவன் சுரண்டினான். சர்க். சர்க். இரத்தம் அவள் மணிக்கட்டில் வழிந்தது. ஆடு ஒருமுறைகூடக் கத்தவில்லை.

பொருக்கையெல்லாம் கூட்டி மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தாள். மயிர் பொசுங்கும் வாடை சுவரிலேயே ஒட்டிக்கொண்டது.

அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் அலவி பள்ளிவாசலுக்குப் போனான். ஜுமானா சமைக்கக் குசினிக்குள் நுழைந்தாள். பாத்திரம் கழுவும் பேசினுக்குள் ஒரு பொருக்கு.

எரித்தோமே?

கடதாசியால் எடுத்து அடுப்பில் போட்டாள். திரும்பினால் வாசற்படியில் ஒன்று. தலையணையில் ஒன்று. பால்போத்தல் மூடிக்குள் ஒன்று, ஈரமாக, இப்போதுதான் பிய்த்தது போல. அர்பாவைத் தூக்கிக் கட்டிலில் விட்டு அறையைச் சாத்தினாள். டெட்டோல் ஊற்றித் தரையைத் தேய்த்தாள். கை எரிந்தது. தேய்த்த இடத்திலேயே இன்னொன்று.

பின்முற்றத்துக்கு ஓடினாள்.

ஆடு நின்றது. உதடு வழவழவென்று, இளஞ்சிவப்பாக. காயமில்லை. தழும்புமில்லை. ஒரு குறையுமில்லை. அவளைப் பார்க்கவில்லை அது. பின்வாசல் வழியாக, அவள் சாத்திய அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம்.

மெல்லும் சத்தம்.

திறந்தாள். கட்டில் நடுவில் அர்பா. கையில் ஒன்றுமில்லை. விரிப்பிலும் ஒன்றுமில்லை. கன்னம் மட்டும் அசைந்தது.

"வாயத் தெற மகள்... உம்மாக்குக் காட்டு."

அர்பா சிரித்தாள்.

ஜுமானா விரலை உள்ளே விட்டாள். ஒரு பொருக்கு வந்தது. வழித்து எறிந்தாள். இன்னொன்று. நாக்குக்கு அடியிலிருந்து. இன்னொன்று. தொண்டைக்குள்ளிருந்து, வெதுவெதுப்பாக. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.