ரிவர்ஸ் பாட்டு

யசோதாவின் காரில் ரிவர்ஸ் பாட்டு கிடையாது. பெங்களூர் ஆடுகோடி மெக்கானிக் மஞ்சுநாத் எவ்வளவோ சொல்லியும் அந்தப் பெட்டியை அவள் பொருத்த விடவில்லை. வண்டி பின்னால் போகும்போதெல்லாம் கீச்சுக்குரலில் பாடும் அந்தச் சனியன் அவளுக்கு ஆகாது. ஆனாலும் கனகபுரா சாலையை விட்டு மலைப்பாதையில் ஏறிய முதல் வளைவிலேயே அது கேட்டது. முன்னால் யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறார்கள் என்று ஹாரன் அடித்துக் காத்திருந்தாள். எந்த வண்டியும் வரவில்லை.

போன வருஷம், 1999 மழைக்காலத்தில், பாறைகளைப் பிளந்து ஓடும் காவிரியைப் பார்க்க மூவருமாக இதே பாதையில் வந்திருந்தார்கள். போட்டோவுக்காக அவளும் மகள் தர்ஷினியும் இறங்கி நின்றார்கள். வண்டியைத் திருப்ப அவள் புருஷன் எத்திராஜ் ரிவர்ஸ் போட்டான். பாடிக்கொண்டே வண்டி விளிம்பைத் தாண்டியது. தண்ணீரைத் தொடும்வரை பாட்டு நிற்கவில்லை.

"அந்தப் பக்கமே போவாதம்மா, கொழந்தைய வேற கூட்டிக்கினு," என்று இன்று காலை கிளம்பும்போது மாமியார் சந்திரம்மா வாசலை மறித்து நின்றாள்.

"புருஷனக் குடுத்தாச்சு அத்தை. ஆத்தப் பாக்குறதையும் அதுக்கே விட்டுக் குடுக்கணுமா? எம்பொண்ணு பயந்துக்கினு வளர வேணாம்."

இதற்காகவே வைராக்கியமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள்.

மேலே ஏற ஏற, ஈரப்பாறையின் பாசி வாடையும் கீழே ஆற்றின் இரைச்சலும் கண்ணாடியை ஏற்றிவிட்ட பிறகும் உள்ளே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் பாட்டு இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"அம்மா, நம்ம பழைய வண்டி," என்றாள் பின்சீட்டில் தர்ஷினி.

"சும்னே இரு, கண்ணு."

அந்த இடம் வந்தது. வேண்டுமென்றேதான் நிறுத்தினாள். மகளை இறக்கி, கையைக் கெட்டியாகப் பிடித்து ஆற்றைக் காட்டினாள். மத்தியான வெயிலில் தண்ணீர் பச்சையாக, யாருக்கும் எதுவும் செய்யாததுபோல் ஓடியது. "பாத்துட்டோம் போ!" என்று பள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள். நெஞ்சு லேசானது.

கீழேயிருந்து பாட்டு மேலே ஏறி வந்தது.

மகளைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டாள். ஸ்டார்ட் செய்தாள். முதல் கியர். வண்டி நகரவில்லை. பாட்டு இப்போது உள்ளேயே பாடியது. பக்கத்து சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாசி வாடை.

"அப்பா ஏறிட்டாரு," என்றாள் தர்ஷினி சந்தோஷமாக.

கியரைப் பிடித்திருந்த அவள் கையின்மேல் இன்னொரு கை. ஜில்லென்று. ஊறி வெளுத்திருந்தது. கட்டைவிரலில் நகமில்லை. லேத்து மெஷினில் எத்திராஜ் இழந்த நகம்.

கை கியரை ரிவர்ஸ் பக்கம் இழுத்தது. பின்னால் பள்ளம்.

"செத்தது நீ. நாங்க இல்ல," என்றாள் யசோதா.

இரண்டு கையாலும் பிடித்தாள். பல்லைக் கடித்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் விடவில்லை. அந்தக் கையும் விடவில்லை. பாட்டு பாடிக்கொண்டிருந்தது.