பவளத்துக்குப் பக்கத்து வீடு

காலைக் காப்பி ஆறுவதற்குள் சுவர் பேசியது. "இன்று இடம் மாறும் தெரு, ஆறாம் தெரு. அரை மணி நேரத்தில் தயாராகவும். தலைக்கு இரண்டு பை." பிறகு வழக்கம்போல் குவிமாடத்தின் காற்றழுத்தத்தையும் அன்றைய தக்காளி விலையையும் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

பூமியில் மின்தடை அறிவிப்பை எப்படிக் கேட்டுக்கொள்வார்களோ, அப்படித்தான் செவ்வாயில் புதுக்கொற்கை நகரத்தார் இதைக் கேட்டுக்கொண்டார்கள். நகரத்துக்கு அடியில் பனிக்கட்டிச் சுரங்கம் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அது எந்தத் தெருவுக்குக் கீழே வருகிறதோ, அந்தத் தெருவைக் காலி செய்து ஆட்களை எங்கே இடமிருக்கிறதோ அங்கே கொண்டு வைப்பார்கள். அந்த வேலைக்குக் குடியமர்த்தி என்று ஓர் இயந்திரம் உண்டு. யாரும் அதனிடம் மல்லுக்கு நிற்பதில்லை. கொஞ்சம் முணுமுணுப்பார்கள், அடுப்பை அணைப்பார்கள், பையைத் தூக்குவார்கள்.

அன்றைக்கு ஆறாம் தெருவில் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர் பால்துரை அண்ணாச்சி ஒருவர்தான். மொத்த மளிகை வியாபாரி. எதிராளியின் முகத்தைப் பார்த்தே மனதில் இருக்கும் விலையைச் சொல்லிவிடக்கூடியவர். அவர் வீட்டுப் பின்னறையில், தெருவில் அநேகமாக யாருக்கும் தெரியாமல், ஒரு கடல் இருந்தது. ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், நடுவில் ஒரு பாறை, பாறைமேல் விரல் விரலாக நீண்டு அசையும் ஒரு பவளம். கப்பல்காரன் ஒருவன் ஏதோ பாசி என்று நினைத்து ஊறுகாய் ஜாடியில் போட்டுக் கொண்டுவந்ததை, ‘சும்மா குடுத்தாக்கூட எடம் அடைக்கும்’ என்று உதட்டைப் பிதுக்கியே மலிவாக வாங்கினார். வாங்கிய அன்றிலிருந்து அது அவருக்குப் பிள்ளை மாதிரி.

அந்தத் தொட்டியின் ஸ்டாண்டு உப்பரித்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. கடைக்குச் சரக்கு வந்த பெட்டகத்தின் சட்டங்களை முடுக்கி, அவரே புது ஸ்டாண்டு செய்திருந்தார். இன்று ஐந்தாம் தெருவின் முறை என்று நம்பித்தான் வேலையை ஆரம்பித்தார். ஆகவே, சுவர் பேசிய நேரத்தில் பழைய தண்ணீர் பீப்பாய்களில் இருந்தது. மீன்கள் ஒரு வாளியில். பவளம் இன்னொரு வாளியில், விரல்களை முழுக்க உள்ளிழுத்துக்கொண்டு ஒரு சுக்குத் துண்டு மாதிரிக் கிடந்தது. வாளித் தண்ணீர் ஆறினால் செத்துவிடும். தூக்கிக்கொண்டு ஓடினாலும் செத்துவிடும். செவ்வாயில் எடை குறைவு என்பதால் வாளியைத் தூக்குவது சுலபம். ஆனால் தளும்பினால் தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பும்.

"மனுசனுக்கு அளந்து தண்ணி. உங்க மீனுக்குப் பீப்பா பீப்பாயாத் தண்ணி. இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள் அவர் மனைவி ஜெயக்கனி, பையில் சேலைகளைத் திணித்தபடி.

"சும்மா கெட ஏளா. ரோசிச்சிட்டிருக்கேன்லா."

பக்கத்து வீட்டுத் தனசிங் இரண்டு பையோடு வாசலில் வந்து நின்றார். தொட்டி விஷயம் தெரிந்த ஒரே அயலார். "அண்ணாச்சி, பேசாம மீனைக் கொழம்பு வச்சிருங்க. போற எடத்துல அடுப்பு இருக்குமோ என்னமோ."

"உம்ம வாயில புளியக் கரைச்சு ஊத்த. போயிரும் வே."

அதற்குள் குடியமர்த்தி வந்துவிட்டது. அலமாரி உயரம், நாலு கை, நெற்றியில் சிவப்பு விளக்கு.

"இருவர். நான்கு பை. புறப்படவும்."

"எந்தத் தெருவுக்குப் போறோம்?" என்று கேட்டாள் ஜெயக்கனி.

"அங்கே போனதும் தெரியும்."

"பக்கத்து வீட்டுல யாரு இருப்பாவ? அடுக்களை எந்தப் பக்கம்?"

"அங்கே போனதும் தெரியும்."

பால்துரைக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏய்யா, ஆடுமாட்டை ஏத்துறவன்கூட எங்க எறக்கப் போறோம்னு சொல்லுவான். எங்களப் பாத்தா மனுசனாத் தெரியலையா?"

"மனிதர்கள் என்றுதான் பதிவாகியிருக்கிறது" என்றது இயந்திரம்.

அவர் பேரத்தில் இறங்கினார். நாளைக்கு என்றார். சாயங்காலம் என்றார். ஒரு மணி நேரம் என்றார். எதிரே இருந்தது விலை இறங்கவே தெரியாத ஆசாமி. அதன் ஒரு கை அவர் தோளை நோக்கி நீண்டது. இன்னொரு கை வாளியை நகர்த்தப் போனது. வேறு வழியில்லாமல், இத்தனை வருடம் கட்டிக்காத்த ரகசியத்தை அவர் போட்டு உடைத்தார்.

"வாளியத் தொடாத! உள்ள பவளம் இருக்கு. உசுரோட."

கை பாதியில் நின்றது.

பூமியில் கடல் சூடேறி, பவளத் திட்டுகள் வெளுத்துச் செத்து முடிந்த பிறகு, மனிதகுலம் ஒரு பாட்டம் உட்கார்ந்து அழுதது. அழுத சூட்டோடு ஒரு சட்டமும் போட்டது. உயிருள்ள பவளம் எங்கே கண்டெடுக்கப்பட்டாலும் அதன் சூழலோடு சேர்த்துக் காப்பாற்றப்பட வேண்டும். சட்டம் போட்டபோது கைவசம் பவளமே இல்லை என்பதால், சலுகைகள் விஷயத்தில் யாரும் கஞ்சத்தனம் காட்டவில்லை. அந்தச் சட்டம் எல்லா இயந்திரங்களின் அடிமனதிலும் எழுதப்பட்டிருந்தது. பால்துரைக்கு அது தெரியாது. அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்றுதான் அவர் இத்தனை நாளும் பயந்திருந்தார்.

குடியமர்த்தியின் நெற்றி விளக்கு சிவப்பிலிருந்து நீலமானது. குரல் இறங்கி, நோயாளியின் கட்டிலருகே பேசுகிற குரலாயிற்று.

"மன்னிக்கவும். கதவை மெதுவாகச் சாத்துங்கள். இதற்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்து பழக்கம்?"

பால்துரை இரண்டு கையாலும் வாளியை மறைத்துக்கொண்டார். ஜெயக்கனிதான் பதில் சொன்னாள். "கெழக்கிருந்து."

இயந்திரம் தரையில் மண்டியிட்டது. புது ஸ்டாண்டின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை காலுக்குக் கால் தகடு சொருகியது. பாறையைப் பழைய கோணம் பிசகாமல் உட்கார வைத்தது. பழைய தண்ணீரையே மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டது. எந்த மீன் எந்தப் பொந்தில் தூங்கும் என்று கேட்டுக் கேட்டு விட்டது.

"இது தெளிந்து விரல் நீட்டும்வரை அதிர்வு கூடாது. ஆகையால் அதுவரை சுரங்கம் நிற்கும்; இந்தத் தெரு இப்போதைக்கு இடம் மாறாது. பிறகு மாறும்போது பழகிய சூழல் அப்படியே அமைய வேண்டும். பக்கத்துச் சுவரிலிருந்து ஏதாவது சத்தம் வருவதுண்டா?"

"தனசிங் கொறட்டை" என்றாள் ஜெயக்கனி. "ராப்பூரா அறுக்கும்."

"அந்த அதிர்வு இதற்குப் பழகியிருக்கும். அவரும் அதே சுவருக்கு அப்பால் வரட்டும்."

ஜெயக்கனியும் வியாபாரி வீட்டுப் பெண்தான். சந்தை திறந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அடுக்களைச் சூடு தெற்குப் பக்கமிருந்து வந்தால்தான் பவளம் மலரும் என்றாள். குவிமாடத்தின் ஓரமாக, சூரியன் தெரிகிற வீடாக இருந்தால் விசேஷம் என்றாள். மாவாட்டுகிற சத்தம் கேட்காவிட்டால் வாடிவிடும், ஆகவே ஒரு நல்ல மாவாட்டும் இயந்திரமும் வேண்டும் என்றாள். இயந்திரம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. கடைசியில் அதன் மார்புத் திரையில் பதிவு ஓடியது: ‘பவளம் ஒன்று. மீன் இரண்டு. தீனி போடும் துணை உயிர்கள் இரண்டு.’

"துணை உயிராம்லா" என்று பல்லைக் கடித்தார் பால்துரை.

"வாயப் பொத்துங்க. மனுசங்கன்னு எழுதியிருந்தா இந்நேரம் பையும் கையுமாத் தெருவுல நிப்போம்."

பவளம் விரல் நீட்டிய பிறகு, ஆறாம் தெரு மொத்தமும் குவிமாடத்தின் விளிம்புக்கு, ஜன்னல் வைத்த வீடுகளுக்கு, பூப்போல இடம்பெயர்ந்தது. பக்கத்து வீட்டில் பக்கத்து வீட்டார், எதிர் வீட்டில் எதிர் வீட்டார். தெருக்காரர்கள் பால்துரையைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆறாம் தெருவின் காவல்தெய்வம் என்று தனசிங் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் தனசிங் ஒரு குவளையோடு வந்தார். "அண்ணாச்சி, அது கிள்ளி வச்சாத் தழையுமாம்லா. எனக்கு ஒரு விரல் குடுங்களேன். நாளப்பின்ன எங்களுக்கும் ஒரு தெம்பு."

பால்துரை தொட்டியைப் பார்த்தார். ஒரு விரல் போனால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டுக்கு வீடு இருக்கிற சரக்குக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம்.

"இப்ப கிள்ளினா நோவுமே தம்பி. கொஞ்சம் பெருசாகட்டும், பாப்போம்" என்றார்.

பெரிதாயிற்று. நல்ல வெளிச்சம், நல்ல கவனிப்பு. விரல்கள் கண்ணாடியை முட்டின. ஒரு மத்தியானம் குடியமர்த்தி நீல விளக்கோடு வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தது.

"இதற்கு இடம் போதவில்லை. இரண்டு மடங்கு தொட்டி, புது ஸ்டாண்டு. பக்கத்து வீட்டு நடுச்சுவரை எடுத்துவிட்டால் சரியாக இருக்கும். ஒரே ஒரு சந்தேகம். சுவருக்கு அப்பால் வரும் குறட்டை இதற்கு இன்னும் தேவைப்படுகிறதா? தீனி போடும் துணை உயிரின் அபிப்பிராயம் வேண்டும்."

ஜெயக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். பால்துரை பவளத்தைப் பார்த்தார். பன்னிரண்டடித் தொட்டியில் அது கை வீசி ஆடுவது அவர் கண்ணுக்குள் வந்தது.

"சத்தம் கொஞ்சம் சாஸ்திதான்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அதுக்குத் தூக்கம் கெடுது."

இயந்திரம் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனது. போகிற வழியிலேயே விளக்கு சிவப்பாயிற்று.

சற்று நேரத்தில் தனசிங் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். "அண்ணாச்சி, என்ன அநியாயம் இது? என் வீட்ட மட்டும் காலி பண்ணச் சொல்லுது. எந்தத் தெருவுக்குன்னுகூடச் சொல்ல மாட்டேங்குது."

பால்துரை அதற்குள் சட்டங்களை முடுக்கி நிறுத்திய புது ஸ்டாண்டின் மேல் ரசமட்டத்தை வைத்துக்கொண்டிருந்தார். குமிழி இன்னும் நடுவுக்கு வரவில்லை.

"அங்க போனதும் தெரிஞ்சிரும்லா தம்பி" என்றார், நிமிராமல். "கொஞ்சம் மெதுவாப் பேசும். பவளம் மெரளுது."