பாயின் மறுபாதி

அன்று பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த மருதமுனை வீட்டில் இருந்தவர்கள் நால்வர். முன்மண்டபத்து ஜன்னலோரம், சாய்மனைக் கதிரையில், கல்முனையிலிருந்து சைக்கிளில் நனைந்து வந்த முத்தலிப் மாஸ்டர். அவருக்கு எதிரே வாங்கில், ஈரக் குடையைக் கால்களுக்கிடையே ஊன்றியபடி பாண்டிருப்பு நல்லரெத்தினம். உள்வாசலுக்குப் பக்கத்தில், தேநீர் கொடுக்க வசதியாக, முக்காலியில் வீட்டுக்காரர் பதியுதீன். உள்வாசலில் பூப்போட்ட திரை. திரைக்கு இந்தப் பக்கம், உள்ளறையில், பன்பாயின் ஒரு பாதியில் பதியுதீனின் மனைவி கமீலா. அவள் மட்டும். அவளுடைய உம்மா சாய்ந்தமருதுக்குக் கல்யாண வீட்டுக்குப் போனவ, மழை விடாததால் அங்கேயே தங்கிவிட்டா.

நால்வர்தான். ஆனால் பதியுதீன் திரைக்கு அடியால் தள்ளிவிட்ட தட்டில் கமீலாவுக்கென்று இரண்டு கோப்பைகள் இருந்தன.

"எனக்கு ஒண்டு போதும்" என்றாள் கமீலா.

"உனக்கு ஒண்டுதான். மத்தது உன்னோட கதைச்சிக்கிட்டிருக்கிற ஆளுக்கு. பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா பின்பக்கத்தால வந்திருக்காவா?"

"இங்க ஒருத்தரும் வரல்லயே. நான் வாயே திறக்கல்ல."

"அப்ப மழைதான் கதைச்சிருக்கும்" என்று சிரித்துக்கொண்டு அவர் திரும்பிவிட்டார்.

கமீலா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டாள். மற்றது தட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மாரி காலத்து மழை, ஓட்டின் மேல் ஒரே சீராக விழுந்து, தாழ்வாரத்தால் வடிந்து, கிணற்றடித் தகரத்தில் தட்டி, வேறு எந்தச் சத்தத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும் மழை. வெளியே கடல் உறுமுவதுகூட அதற்குள் அடங்கிப்போயிருந்தது. அறையில் வெளிச்சம் குறைவு. நீண்ட நாள் பெட்டகத்தில் மடித்து வைத்த வெள்ளைத் துணியின் வாசமும், எப்போதோ அணைந்துபோன சாம்பிராணியின் வாசமும் வந்தன. பெட்டகம் பூட்டித்தான் இருந்தது. சாம்பிராணி போட்டு எத்தனையோ நாள்.

மாதத்தில் ஒருநாள் இப்படிக் கூடுவது அவர்களின் வழக்கம். எழுதுகிறவர்கள் மூன்று பேர். புதிதாக எழுதுவதைப் பற்றிக் கதைப்பார்கள், குறை சொல்வார்கள், பகிடி விடுவார்கள். கமீலா திரைக்குப் பின்னால் இருந்தே பதில் சொல்வாள். பதியுதீன் எழுதுகிறவரல்ல. தேநீர் அவர் பொறுப்பு.

"என்ட வட்டவிதானை என்ட சொல்லுக் கேக்கிறாரில்ல" என்று நல்லரெத்தினம் தன் புது நாவலில் வரும், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "மேல் வயலுக்குத் தண்ணி விடச் சொன்னா கீழ் வயலுக்குத் திறந்துவிடுறார். நான் பேனையப் பிடிச்சிக்கிட்டுப் பின்னால ஓடவேண்டியிருக்கு."

"உங்கட ஆள் பரவாயில்ல. என்ட கதாநாயகனக் கட்டாருக்கு அனுப்பினன். போனவன் போனவன்தான். ரெண்டு அத்தியாயமாச் சும்மா தாயையும் தகப்பனையும் வெச்சி ஓட்டுறன்" என்றார் முத்தலிப்.

"அது உங்கட சோம்பல், மாஸ்டர். அவன்ட குத்தமில்ல."

சிரித்தார்கள். கமீலாவும் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் அவளுக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு, மூச்சளவு சிரிப்பு, கொஞ்சம் பிந்தி முடிந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றில் மருதாணி போட்ட கையை வைத்துக்கொண்டாள். ஏழு மாதம். கல்யாணம் கட்டி நெடுங்காலம் ஒன்றும் தங்காமல், ஊர் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு வந்த பிள்ளை. இது கையில் வந்து சேரும்வரை அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். கதை வேண்டாம், பேர் வேண்டாம். இரவில் புரண்டு படுக்கக்கூடப் பயந்து படுக்கிறாள்.

"கமீலாட எழுத்துப் பழக்கத்தக் கேளுங்களேன்" என்று வெளியே பதியுதீன் தொடங்கினார். "பாயில பாதியில இருப்பா. மறுபாதி கதையில வாற ஆளுக்கு. அதில என்னையும் இருக்க விடமாட்டா. அந்த ஆள் சொல்லவேண்டியத இவ மெதுவாச் சொல்லிப் பார்ப்பா. சொல்லிப்போட்டு, பதில் வாறமட்டும் பார்த்துக்கிட்டிருப்பா."

"பதில் வருமா தங்கச்சி?" என்றார் நல்லரெத்தினம்.

"வந்தாத்தான் எழுதுவன்" என்றாள் கமீலா. எப்போதும் சொல்கிற பதில்.

உண்மையும் அதுதான். தான் இருந்து பார்க்காத அறையை அவளால் எழுத முடியாது. அவளுடைய நாவலில் வரும் கைருன்னிஸா, புருஷன் மௌத்தாகி, குறித்த காலம் வெளியே வராமல் இத்தா இருப்பது இந்த அறையில்தான். அதே பெட்டகம், அதே பாய், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க அதே வாசலில் திரை. வெள்ளை உடுத்து, சுவரைப் பார்த்து, நாளை எண்ணிக்கொண்டிருக்கும் இளம் விதவை. பாயின் மறுபாதி ஒரு வருசமாக அவளுடையது.

முத்தலிப் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, ஒரு விசயம் இரிக்கி. கோவிக்கப்படாது."

"சொல்லுங்க முத்தலிப் காக்கா."

"நீங்க கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பின பிரதிட நகல முழுசா வாசிச்சன். நல்ல எழுத்து. ஆனா கைருன்னிஸாவ நாலு மாசம் பத்து நாளோட இத்தா முடிச்சி வெளியில எடுத்துப்போட்டீங்க. ஆறாம் அத்தியாயத்தில அவ புள்ளத்தாச்சி எண்டு எழுதியிரிக்கீங்களே. வயித்தில புள்ள இருந்தா பெறுமட்டும் இத்தாதானே. நம்மட பொம்புளைகள் ஒருத்தரும் இத விடமாட்டாங்க. ஏழாம் அத்தியாயத்திலருந்து அந்த வயித்தப் பத்திப் பேச்சே இல்ல. அந்தப் புள்ள எங்க போன?"

மழை பெய்தது.

ஆறாம் அத்தியாயத்தை எழுதியபோது கமீலாவின் வயிறு வெறுமையாக இருந்தது. அந்த ஏக்கத்தில்தான் கைருன்னிஸாவுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாள். பாயின் மறுபாதியைப் பார்த்து, அந்த வயிற்றைத் தடவுவதுபோல் காற்றைத் தடவித் தடவி எழுதினாள். பிறகு ஒரு மாதம் எழுதவில்லை. தலைசுற்றல், வாந்தி. ஏழாம் அத்தியாயத்தை எடுத்தபோது தன் வயிற்றில் பிள்ளை இருந்தது. கைருன்னிஸாவின் வயிறு நினைவிலேயே வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை.

அந்தப் பிள்ளை எங்க போன?

"பெறாம வெளியில வர ஏலாதுதான்" என்றது பாயின் மறுபாதியிலிருந்து ஒரு குரல். "நான் இன்னும் உள்ளதான் இரிக்கன்."

கமீலாவின் வாய் மூடியிருந்தது.

"ஆ, அந்த வசனம் நல்லா இரிக்கி. அத அப்பிடியே கதையில போடலாம்" என்றார் முத்தலிப் வெளியே.

இடது கண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. சுவரின் சுண்ணாம்பாக இருக்கலாம். கமீலா பார்வையைத் திரையிலேயே வைத்திருந்தாள். பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தட்டில் இருந்த மற்றக் கோப்பை காலியாக இருந்தது. அடியில் தேயிலைத் தூள் மட்டும். பாயின் அந்தப் பாதி மெல்ல அழுந்தி, பன் நாரெல்லாம் நெரிந்து, அவளையும் அந்தப் பக்கம் சற்றுச் சரியவைத்தது.

வயிற்றில் பிள்ளை அசைந்தது. எப்போதும் வலப்பக்கம் உதைக்கிற பிள்ளை. இப்போது இடப்பக்கம் ஒதுங்கிற்று. கூப்பிட்ட குரலுக்குப் போவதுபோல.

"பயப்படாதீங்க, இதுக்கு வழி இரிக்கி" என்றார் முத்தலிப். "இன்னும் ரெண்டு நாளில ஆறாம் அத்தியாயத்த அச்சுக் கோக்கிறாங்களாம். ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. அந்தப் பந்திய வெட்டச் சொல்லுங்க. வயிறே இல்லையெண்டா நாலு மாசம் பத்து நாள் சரி. நான் இப்பவே கொண்டுபோய்க் கல்முனையில கொழும்புத் தபாலோட சேர்த்துப்போடுறன்."

"வெட்டுறதா?" நல்லரெத்தினத்தின் குரல் மாறியிருந்தது. "வேணாம் மாஸ்டர். உண்டான புள்ளைய வெட்டக்கூடா. கதையெண்டாலும் கூடா. ஒரு பேறு எழுதிச் சேர்க்கட்டும். அந்தப் பொம்புளையும் பாவம், பெத்துப்போட்டு வெளியில வரட்டும்."

"உங்களுக்கு லேசு. உங்கட விதானைக்குப் பேறுகாலம் இல்லயே."

பதியுதீன் சிரித்தார். நல்லரெத்தினம் சிரிக்கவில்லை.

கமீலா இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். பேறு எழுதினால் ஒரு பிள்ளை பிறக்கவேண்டும். அது எங்கிருந்து வரும்? பக்கத்தில் இருப்பவளின் வெறும் வயிற்றிலிருந்து வராது. வெட்டினால்? வெட்டினால் அவளுக்குப் பிள்ளையே இருந்ததில்லை. இல்லாத பிள்ளையை யாரும் கேட்டு வர ஏலாது. அப்படித்தான் அவளுக்குப் பட்டது. அப்படித்தான் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுறன் காக்கா" என்றாள். "கொஞ்சம் இருங்க."

அவளுடைய குரல்தான். தன் காதால் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

லாந்தரைக் கொளுத்தினாள். அவள் பின்னால் சுவரில் நிழல் எழுந்தது. ஒன்று. அதை மட்டும் பார்த்தாள். அதன் தோளுக்கு அப்பால் பார்க்கவில்லை. கோவைத்தாளை மடியில் வைத்த பலகையில் விரித்து, ஊற்றுப்பேனையின் மூடியைக் கழற்றினாள். காதுக்குப் பக்கத்தில் மூச்சு. ஈரமில்லாத, சூடில்லாத மூச்சு. அடைத்துக் கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் வந்து படுமே, அதைப் போல.

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பிள்ளை உதைத்தது.

ஆறாம் அத்தியாயத்தில் கைருன்னிஸாவின் வயிற்றைப் பற்றி வரும் பந்தியைத் தயவுசெய்து நீக்கிவிடவும்.

பிள்ளையின் உதை நின்றது.

கமீலா பேனையை நிறுத்தினாள். காத்திருந்தாள். உதை, என்ட புள்ள. ஒருக்கா உதை. வலப்பக்கம் அழுத்தினாள். இடப்பக்கம் அழுத்தினாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

மெலிந்த கை. நகத்தில் மருதாணி இல்லை. வளையல் இல்லை. தன் பொருளைத் தேடிக் கண்டெடுத்தவளைப்போல, அது வயிற்றை அடியால் ஏந்திப் பிடித்திருந்தது.

"மிச்சத்தையும் எழுது, கா" என்றது குரல், தாய்வீட்டுத் தோழி உரிமையோடு 'கா' போட்டுக் கதைப்பதுபோல.

அவள் எழுத விரும்பவில்லை. பேனை பிடித்த கை எழுதிற்று.

அந்தப் பிள்ளை இல்லை.

இடுப்பில் இருந்த பாரம் இறங்கிற்று. வலியில்லை. இரத்தமில்லை. தூங்கும் பிள்ளையை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு எடுத்துக்கொள்வார்களே, அவ்வளவு பதமாக.

கமீலா குனிந்து பார்த்தாள். மடி தட்டையாக இருந்தது. பலகை நேராக நின்றது. பலகையின் கீழே அவளுடைய பச்சைச் சேலை இல்லை.

வெள்ளை.

பதியுதீனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது. ஆனால் அது இந்த வாயிலிருந்து வரவில்லை.

"எழுதியாச்சி" என்றாள் பக்கத்தில் இருந்தவள், கமீலாவின் குரலில். "சோத்துப் பசைய மட்டும் தள்ளிவிடுங்க."

பசை வைத்த சிரட்டை திரைக்கு அடியால் வந்தது. பச்சைச் சேலையின் முந்தானை முக்காடாக ஏறிற்று. மருதாணி போட்ட விரல்கள் தாளை மூன்றாக மடித்தன. உறைக்குள் வைத்தன. பசையைத் தொட்டு, விளிம்பில் ஒரே இழுப்பாகப் பூசி, கட்டைவிரலால் அழுத்தி, அழுத்தி, ஒட்டின.

"குனியாத புள்ள, வயித்தோட" என்றார் பதியுதீன் வெளியிலிருந்து. "நான் வாங்குறன்."

"இல்ல. நான் வெளியில வாறன். உள்ள இருந்து இருந்து மூச்சு முட்டுது."

"வா, வா. விறாந்தையில நில்லு. காத்துப் படட்டும்."

அவள் ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஏழு மாதத்துப் பாரத்தோடு, ஆறுதலாக எழுந்தாள். திரையை விலக்கினாள். முத்தலிப் மாஸ்டரும் நல்லரெத்தினமும் மரியாதைக்குத் தலை குனிந்துகொண்டார்கள். திரை விழுந்தது.

கமீலா எழுந்திருக்கப் பார்த்தாள். வெளியே அந்நிய ஆண்கள். வெள்ளை உடுத்தவள் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. அது அவள் எழுதிய சட்டம்தான். கால்கள் அதைக் கேட்டன. பாயில் தவழ்ந்து திரையின் ஓரம்வரை போனாள். அதற்கு மேல் கை நீளவில்லை.

ஓர விரிசலால் விறாந்தை தெரிந்தது. முத்தலிப் உறையைச் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்து, மழைக்குள் சைக்கிளை உருட்டினார். படியில் பதியுதீன். அவர் பக்கத்தில், பச்சைச் சேலையில், இரண்டு கைகளாலும் வயிற்றை அடியால் ஏந்தியபடி அவள்.

"உதைக்குதா?" என்று பதியுதீன் மெதுவாகக் கேட்டார்.

"ஓம்" என்றாள். "வலப்பக்கம்."

சைக்கிள் பிரதான வீதிக்கு ஏறிக் கல்முனைப் பக்கம் திரும்பிற்று.