இருட்டில் ஒரு நூல்

வாலுவின் சித்தி நாடக நடிகை. மேடையில் அவள் அழுதால் கடைசி வரிசை வரைக்கும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட சித்தி, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு நடக்கும்போது தள்ளாடினாள்.

மருத்துவர் காரணம் சொன்னார். நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம், எப்படி நகர்கிறோம் என்று மூளைக்குக் கண் சொல்கிறது, பாதம் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு உறுப்பும் சொல்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மூளை நம்மை நடத்துகிறது. லேசுப்பட்ட வேலை இல்லை அது. சித்தியின் காது மட்டும் இப்போது ஏறுக்குமாறாகச் சொல்கிறது. அது குணமாகச் சில மாதங்கள் ஆகும்.

வெளிச்சத்தில் சித்தி சமாளித்துவிட்டாள். நாடகத்தில்தான் சிக்கல். முதல் காட்சி முடிந்ததும் விளக்குகள் அணையும். அந்தக் கும்மிருட்டில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பின்னால் போக வேண்டும். ஒத்திகையில் தடுமாறி மேசையைக் கவிழ்த்துவிட்டாள். நாளையும் இப்படியானால் வேறு ஆளைப் போடவேண்டியதுதான் என்று இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் காலை சித்தி முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. ஆனாலும் அவள் ஆடவில்லை. வாலு உற்றுப் பார்த்தாள். சித்தியின் ஒரு விரல் குழாயின் மேல் இருந்தது. பிடிக்கவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

"அந்த விரலைக் கொஞ்சம் எடு சித்தி."

எடுத்ததும் சித்தி சாய்ந்தாள். வாலு பாய்ந்து பிடித்தாள். பாதிச் சோப்பு அவள் சட்டைக்கு வந்துவிட்டது.

ஒத்திகைக்கு வாலுவும் கூடவே போனாள். நாற்காலியின் முதுகிலிருந்து திரையோரத் தூண் வரை ஒரு கறுப்பு நூலைக் கட்டினாள். இயக்குநர் அதைச் சுண்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இது பூனைக்குட்டியைக்கூடத் தாங்காதும்மா."

"தாங்க வேண்டாம் சார். சொன்னா போதும்."

"யாருக்கு?"

"சித்தியோட மூளைக்கு. காது தப்புத்தப்பா சொல்லுது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. விரலாவது சரியா சொல்லட்டுமே."

விளக்குகள் அணைந்தன. வாலு திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதுவும் விழவில்லை. சேலை உரசும் ஓசை மட்டும் மெல்ல நெருங்கி வந்தது.

வெளிச்சம் வந்தபோது சித்தி அவள் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். விரல் நுனி இன்னும் நூலின் மேலேயே இருந்தது. இயக்குநர் முதலில் நூலையும் பிறகு வாலுவையும் பார்த்தார்.

சித்தி வாலுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு விளக்குக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணே, இன்னொரு தடவை அணைங்க. ஆசையா இருக்கு."